செம்பருத்திக்கு நாலு குழாய், அரளிக்கு ஒரு காவலாளி

பீளமேட்டில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் தோட்டக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்தத் தோட்டத்தை இப்போது ஓர் ஒப்பந்த நிறுவனம் பார்க்கிறது. மண்ணில் ஒரு கம்பியைச் செருகி வைத்திருக்கிறார்கள். செடிக்குத் தாகம் எடுத்தால் அது செல்போனுக்குச் செய்தி அனுப்புமாம். போன வாரம் அந்த நிறுவனத்தின் மேலாளர் என்னை அழைத்து, "மேடம், மெயின் கேட்டுக்குச் செம்பருத்தி வெக்கலாமுங்களா, அரளி வெக்கலாமுங்களா? எது பெட்டருங்க?" என்று கேட்டார். நான் சிரித்த சிரிப்பில் பயந்து போனை வைத்துவிட்டார். அவர்மேல் குற்றமில்லை. அந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடிக்கப் போய் எங்கள் கல்லூரியில் ஓர் உயிர் போகப் பார்த்தது அவருக்கு எப்படித் தெரியும்? அவருக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் தோட்டக்கலையில் பட்டயம் படித்தவள். அந்தியூர்ப் பக்கம் ஒரு நாற்றுப்பண்ணையில் சில வருடங்கள், பிறகு ஒரு நூற்பாலையின் தோட்டத்தில் சில வருடங்கள். பண்ணையில் செடிகளைப் பற்றிக் கற்றேன். ஆலையில், முதலாளியின் கார் நிற்கும் இடத்தில் எது பூக்கிறதோ அதுதான் நல்ல செடி என்று கற்றேன். ஆலையை மூடிய பிறகு கல்லூரிக்கு வந்தேன். இரண்டாவதாகக் கற்றதுதான் இங்கே அதிகம் உதவியது.

கல்லூரியில் எனக்கு மேலதிகாரி நாச்சிமுத்து சார். எஸ்டேட் ஆபீசர். கட்டடம், தண்ணீர், மின்சாரம், தோட்டம் எல்லாம் அவர் பொறுப்பு. பெருந்துறைப் பக்கத்து விவசாயக் குடும்பம். வெள்ளைச் சட்டை, கையில் எந்நேரமும் ஒரு கறுப்புக் குடை. வெயிலுக்கும் விரிக்க மாட்டார், மழைக்கும் விரிக்க மாட்டார். அவர் யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. அதுதான் அவரிடம் பயமே. ஒருமுறை புல் வெட்டும் இயந்திரத்தைத் தொடர்ந்து இரண்டாவது தடவையாக உடைத்த ஓட்டுநரிடம், "ஏனுங்க தம்பி, உங்களுக்கு ஒரு பத்து நாளைக்குச் சம்பளமில்லாம லீவு குடுத்துப்போடலாமுங்களா? ஊட்டுல இருந்து நல்லா ரெஸ்ட் எடுத்துக்குங்க" என்றார். அந்த ஓட்டுநர் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, பாதி வழியில்தான் தனக்கு என்ன நடந்தது என்று புரிந்து உட்கார்ந்துவிட்டார். வாசலில் காவலுக்கு நிற்பவரானாலும் கல்லூரித் தாளாளரானாலும் அவருக்கு எல்லாரும் 'ங்க'தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கல்லூரியின் வாசலிலிருந்து முதன்மைக் கட்டடம் வரை நீண்ட பாதை ஒன்று உண்டு. அதன் இரு பக்கமும் என்ன நடுவது என்பதில் தாளாளருக்கும் அவருடைய மருமகளுக்கும் கருத்து வேறுபாடு. தாளாளர் பழைய மனிதர். தண்ணீர்ப் பஞ்சம் பார்த்தவர். "அரளி வெய்யுங்க. தண்ணி கேக்காது, ஆடு கடிக்காது, வருஷம் பூரா பூக்கும்" என்றார். மருமகள் மதுமிதா வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து புதிதாக இயக்குநராகப் பொறுப்பேற்றவர். "செம்பருத்தி வைக்கலாம்க்கா. பயன்படுற செடியா இருக்கட்டும். வர்ற கெஸ்ட்டுக்கு நம்ம தோட்டத்துப் பூவுலயே டீ போட்டுக் குடுக்கலாம்" என்றார். நல்ல பெண். மண்ணைக் கையால் தொட்டுப் பார்க்கும் இயக்குநரை நான் அதற்கு முன்பு கண்டதில்லை. ஆனால் மாமனாரிடம் நேராகப் போய்ப் பேச அவருக்குத் தயக்கம். மாமனாருக்கும் மருமகளிடம் அப்படியே. ஆக இருவரும் பேச வேண்டியதை இரண்டு செடிகள் பேசட்டும் என்று ஒரு குழு முடிவு செய்தது. பாதையின் தொடக்கத்தில் இடப்பக்கம் ஒரு பாத்தி செம்பருத்தி, வலப்பக்கம் ஒரு பாத்தி அரளி. ஒரு வருடம் வளர்த்து ஒப்பிட்டுப் பார்த்து, வெல்லும் செடி பாதை முழுவதும் நடப்படும்.

வளர்ப்பவள் நான். ஆகவே அந்த வருடம் முழுவதும் இரண்டு கட்சியிலும் உறுப்பினராக இருந்தேன்.

செம்பருத்திக்குக் குழி எடுத்து, செம்மண்ணோடு மக்கிய தொழுவுரம் கலந்து நட்டோம். வெயில் நன்றாக வேண்டும். கோடையில் தினமும் தண்ணீர் வேண்டும், ஆனால் தேங்கக் கூடாது. ஒருநாள் மறந்தால் மொட்டை உதிர்த்துக் காட்டும். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து ஊற்றினால் சந்தோஷப்படும். அந்த வாடைக்குப் பாதையில் போகும் பேராசிரியர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். இத்தனை உபசாரத்துக்குப் பிறகும் மாவுப்பூச்சி வரும். தண்டில் எறும்பு ஏறுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். எறும்பு ஏறினால் இலைக்கு அடியில் வெள்ளையாகப் பஞ்சு பஞ்சாகப் பூச்சி இருக்கும். வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து மாலையில் அடிக்க வேண்டும். பூ ஒரே நாள்தான். ஆனால் அந்த ஒருநாள் பூவைச் சாமிக்கு வைக்கலாம், எண்ணெயில் போட்டுக் காய்ச்சித் தலைக்குத் தேய்க்கலாம், இலையை அரைத்துச் சீயக்காய்க்குப் பதிலாகப் போடலாம். எங்கள் அலுவலகப் பெண்கள் எல்லாரும் செம்பருத்திக் கட்சியில் இருந்ததற்குக் காரணம் அவர்கள் தலைமுடிதான்.

அரளிக்கு ஒன்றும் செய்யவில்லை. நட்டோம், வேர் பிடிக்கும் வரை தண்ணீர் விட்டோம், மறந்தோம். அது தூசியிலும் புகையிலும் பூத்தது. அதிகம் தண்ணீர் விட்டால் வெறும் இலையாகத் தள்ளும், அவ்வளவுதான் அதன் கோபம். ஆனால் அதைத் தொடுவதில்தான் கவனம் வேண்டும். கவாத்து செய்யும்போது கையுறை போட வேண்டும், பால் கண்ணில் படக் கூடாது. வெட்டிய கிளையை எரிக்கக் கூடாது, புகையும் ஆகாது. பூவைச் சாமி மாலைக்குக் கொடுக்கலாம், வாய்ப் பக்கம் கொண்டு போகக் கூடாது. இந்தப் பக்கத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் இது தெரியும்.

தெரியாத ஒருவர் அப்போதுதான் வந்து சேர்ந்தார். கல்லூரிக்குத் தரம் வழங்கும் ஆய்வுக்குழு ஒன்று வருவதாக இருந்தது. அவர்களை வரவேற்கும் ஏற்பாடுகளுக்காகப் பெங்களூரிலிருந்து ரோஹன் என்ற ஆலோசகரை வரவழைத்தார்கள். தமிழர்தான், ஆனால் பதினான்காவது மாடியில் வளர்ந்தவர். என் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது வெறும் தோட்டம் இல்ல மேடம். இது ஒரு எக்ஸ்பீரியன்ஸ்" என்றார். இரண்டு பாத்திகளுக்கும் சேர்த்து 'இயற்கை நலப் பூங்கா' என்று ஒரு பலகை வைத்தார். பிறகு ஒவ்வொரு செடிக்கும் பெயர்ப்பலகை. அதற்காகக் கூட்டிய கூட்டத்தில், அரளி என்று எழுதக் கூடாது என்றார்.

"அது நெகட்டிவ் வேர்ட் மேடம். அதோட பொட்டானிக்கல் நேம், 'நீரியம்'னு போடலாம். கேக்கவே ஃப்ரெஷ்ஷா இருக்கு."

"சார், அது விஷச் செடிங்க. பேரை மாத்தினாப் பாக்கறவங்களுக்குத் தெரியாமப் போயிருமுங்க" என்றேன்.

"விஷம்ங்கிறதும் நெகட்டிவ்" என்றார்.

கூட்டத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அரளி அன்றிலிருந்து நீரியம் ஆயிற்று.

குழு வருவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது நாச்சிமுத்து சார் என்னிடம் வந்தார். குடையால் செம்பருத்தியைச் சுட்டிக்காட்டினார்.

"ஏனுங்க அம்மணி, இந்தச் செடியெல்லாம் ஒண்ணு ஒசரமாவும் ஒண்ணு குட்டையாவும் இருக்குதுங்களே. நூல் புடிச்சாப்புல மட்டமா வெட்டிப்போடலாமுங்களா?"

"சார், இது நுனியிலதானுங்க பூக்கும். இப்ப வெட்டினா மொட்டு பூராப் போயிருமுங்க. மறுபடி பூக்க ஒண்ணரை மாசம் ஆகுமுங்க."

"சரிங்க. ஆனா மேலிடத்துல மட்டமா இருக்கோணும்னு சொல்லிப்போட்டாங்க. நீங்களே வெட்டறீங்களா, இல்ல நான் வெளியாளைக் கூப்பிடட்டுங்களா?"

வெளியாள் வந்தால் மண்ணோடு மட்டமாக்கிவிடுவான். நானே வெட்டினேன். செம்பருத்தி சதுரமான பச்சைப் பெட்டி மாதிரி நின்றது. அடிக்கிளைகளில் மறைந்திருந்த நாலைந்து மொட்டுகளைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. எதிர்ப் பாத்தியில் யாரும் தொடாத அரளி சிவக்கச் சிவக்கப் பூத்துக் கிடந்தது.

குழு வந்த அன்று காலையில் பாத்திகளை ஒருமுறை பார்க்கப் போனேன். அரளியில் ஒரு பூகூட இல்லை. காம்புகளில் பால் இன்னும் ஈரமாக நின்றது. பூமாலைக்குப் பறிக்கிற யாரோ சுவரேறி வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அப்போது பணியாளர்களின் வாட்ஸாப் குழுவில் ஒரு படம் வந்தது. ரோஹன் கையில் மூங்கில் கூடை. கூடை நிறையச் சிவப்புப் பூ. மேலாக நாலு செம்பருத்தி, அடியில் எல்லாம் செவ்வரளி. 'நம் தோட்டத்திலிருந்து உங்கள் கோப்பைக்கு' என்று எழுதியிருந்தார். செம்பருத்தி போதாததால் 'இயற்கை நலப் பூங்கா'வின் இன்னொரு பூவையும் சேர்த்திருக்கிறார். தான் எழுதிய பலகையைத் தானே நம்பிவிட்டார்.

எனக்கு அந்த வயதில் ஓட முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

கருத்தரங்கக் கூடத்தின் வாசலில் நாச்சிமுத்து சார் நின்றிருந்தார். உள்ளே யாரையும் விடக் கூடாது என்று அவருக்கு உத்தரவு.

"சார், டீயில அரளிப் பூவுங்க" என்றேன். மூச்சு வாங்கியது. "நம்ம பாத்தியில பறிச்சதுங்க. குடிச்சிருவாங்க."

அவர் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. கையிலிருந்த குடையைக் கீழே போட்டார். கதவைத் திறந்துகொண்டு நேரே உள்ளே போனார். நானும் பின்னால் போனேன். மேசையைச் சுற்றிக் குழுவினர் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடிக் கோப்பைகளில் அழகான சிவப்பு நிறத்தில் தேநீர். குழுத் தலைவர் தெற்கத்திக்காரர், வயதானவர். கோப்பையை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்து முகர்ந்துகொண்டிருந்தார். மதுமிதா நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, எல்லாரும் மன்னிக்கோணுமுங்க" என்றார் நாச்சிமுத்து சார். அன்றும் குரல் உயரவில்லை. "அந்த டீயைக் கீழ வெச்சுப்போடுங்க. குடிச்சாச் செத்துப்போயிருவீங்க."

ஒரு கரண்டி சாஸரில் விழுந்தது. ரோஹன் சிரிக்க முயன்று, "சார் ஜோக் அடிக்கிறார்" என்றார். தலைவர் கோப்பையைப் பிடித்தபடியே விழித்தார். நாச்சிமுத்து சார் அவர் பக்கத்தில் போய், குனிந்து, இரண்டு கையையும் நீட்டி, "குடுங்க, நான் வாங்கிக்கறனுங்க" என்று பிரசாதம் வாங்குவதுபோல வாங்கிக்கொண்டார். ஒவ்வொருவரிடமும் அப்படியே வாங்கினார். யாரும் வாய் வைத்திருக்கவில்லை.

அப்போது மதுமிதா மெதுவாகச் சொன்னார்: "அக்கா, நான் குடிச்சுட்டனே."

சமையலறையில் ருசி பார்க்க அரைக் கோப்பை குடித்திருக்கிறார். கசந்ததாம். கசப்புதான் மூலிகையின் அடையாளம் என்று ரோஹன் சொல்லி, மற்றவர்களுக்குத் தேன் சேர்த்திருக்கிறார்.

கல்லூரிக் காரில் பின்னிருக்கையில் நானும் மதுமிதாவும், முன்னால் நாச்சிமுத்து சார். ரோஹன் வேறு வண்டியில் வந்தார். அவினாசி ரோட்டில் மேம்பாலத் தூண்களுக்கு நடுவே வண்டிகள் நகரவே இல்லை. மதுமிதா இரண்டு தடவை வாந்தி எடுத்தார். கை சில்லிட்டிருந்தது. வெளிநாட்டில் படித்த பேச்செல்லாம் போய், "செத்துப்போயிருவனாக்கா நானு?" என்று கேட்டார்.

"இல்ல கண்ணு, ஒண்ணும் ஆகாது" என்றேன். அதுவரை அவரை 'மேடம்' என்று மட்டுமே அழைத்திருக்கிறேன். ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியாது. அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

மருத்துவமனையில் அவசரப் பிரிவு மருத்துவர், "என்ன சாப்பிட்டாங்க?" என்று கேட்டார். நாங்கள் வாய் திறப்பதற்குள் ரோஹன் முன்னால் வந்து நின்றார்.

"செம்பருத்தி டீ டாக்டர். லேசா ஃபுட் அலர்ஜி மாதிரி" என்றவர், எங்கள் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில், "கமிட்டி இன்னும் கேம்பஸ்லதான் இருக்கு. காலேஜ் பேரு முக்கியம், ப்ளீஸ்" என்றார்.

நாச்சிமுத்து சாருக்கு அந்தக் கல்லூரிதான் வாழ்க்கை. அதன் மானத்துக்காக அவர் எத்தனையோ உடைந்த குழாய்களையும் ஒழுகிய கூரைகளையும் பார்வையாளர் கண்ணில் படாமல் மறைத்தவர். அவரைப் பார்த்தேன். அவர் ரோஹனைத் தோளில் தொட்டு, "கொஞ்சம் தள்ளிக்குங்க தம்பி" என்றார். பிறகு மருத்துவரிடம், "அரளிங்க டாக்டர். செவ்வரளிப் பூவுங்க. கொதிக்க வெச்ச தண்ணி, அரை டம்ளர் உள்ள போயிருக்குதுங்க" என்றார்.

மருத்துவரின் பேனா நின்றது. அதன் பிறகு அந்த இடமே ஓடியது.

இரண்டு நாள் நாடித் துடிப்பு குறைவதும் ஏறுவதுமாக இருந்தது. தாளாளர் வந்து வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"அம்மணி, அந்தச் செடி நான் வெக்கச் சொன்னதுதானுங்களே?"

"வெக்கச் சொன்னீங்க. குடிக்கச் சொல்லலீங்களே" என்றேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் மதுமிதா கண் தெளிந்து இட்லி கேட்டார்.

உயிர் பிழைத்தது உறுதியானதும் கல்லூரி தன் வழக்கமான வேலைக்குத் திரும்பியது. விசாரணைக்குழு அமைத்தார்கள். அதன் செயலாளர் ரோஹன். முதல் நடவடிக்கையாக அரளிப் பாத்தியைச் சுற்றிப் பச்சை வலை கட்டி, தண்ணீர்க் குழாயை அடைத்து, ஒரு காவலாளியைப் போட்டார்கள். அவர் என்னிடம், "என்னங்க மேடம் பண்ணோணும்?" என்று கேட்டார்.

"பாத்துக்கச் சொல்லியிருக்காங்க."

"எதைங்க? செடி எங்கீங்க ஓடப்போகுது?" என்று நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இன்னொரு பக்கம் செம்பருத்திக்குத் திடீர் மரியாதை வந்தது. இயக்குநருக்குப் பிடித்த செடி, அவர் திரும்பி வரும்போது பூத்து நிற்க வேண்டும். கல்லூரி முதல்வர் ஒரு குழாய் போட்டார். இயந்திரவியல் துறை ஒரு சொட்டுநீர்க் குழாய் போட்டது. விடுதிக் காப்பாளர் தன் பங்குக்கு ஒன்று. ரோஹன் நவீனமாகப் பனி தெளிக்கும் குழாய் ஒன்றைக் கொண்டுவந்தார். ஒவ்வொருவரும் தங்கள் குழாயைத் திறந்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். வேர் அழுகிவிடும் என்று நான் நாலு பேரிடமும் சொன்னேன். நாலு பேரும், மற்ற மூவரிடம் சொல்லச் சொன்னார்கள். இலை மஞ்சளானபோது தாகம் என்று முடிவுசெய்து தண்ணீரைக் கூட்டினார்கள். ஒரு மாதத்தில் செடியைப் பிடித்து இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. வேர் பழுப்பாகக் குழைந்து நாறியது.

வலைக்குள் தண்ணீரில்லாமல் தண்டனை அனுபவித்த அரளி, முன்னைவிட இரண்டு மடங்காகப் பூத்தது.

விசாரணை நாளன்று மதுமிதா இளைத்துப்போய் வந்து தலைமை நாற்காலியில் உட்கார்ந்தார். நாச்சிமுத்து சார்மேல் ஒரே ஒரு குற்றச்சாட்டு: வெளியார் முன்னிலையில் கல்லூரியின் நற்பெயருக்குப் பொருந்தாத சொற்களைப் பயன்படுத்தியது.

"கொஞ்சம் மரியாதையா, பாசிட்டிவா சொல்லியிருக்கலாமே" என்றார் ரோஹன். "'தேநீர் பரிமாறுவதில் சிறிய மாற்றம்'னு சொல்லியிருக்கலாம்."

நாச்சிமுத்து சாருக்கு அது உண்மையாகவே வலித்தது. எழுந்து நின்றார்.

"மரியாதைக் குறைவா நான் யார்கிட்டயும் பேசினதில்லீங்க. அன்னைக்கும் 'செத்துப்போயிருவீங்க'ன்னு 'ங்க' போட்டுத்தானுங்களே சொன்னேன்?"

மதுமிதா சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியவில்லை. கண்ணீர் வர, இருமல் வரச் சிரித்தார். ஓய்ந்ததும் ரோஹனைப் பார்த்து, "ஆமா, எனக்குக் குடுத்தீங்களே, நீங்க ஏன் ருசி பார்க்கல?" என்றார்.

"நான் டீ குடிக்கிறதில்ல மேடம். ஒன்லி காபி" என்றார் அவர்.

விசாரணை அத்துடன் முடிந்தது. ரோஹன் அந்த மாதமே பெங்களூர் திரும்பினார். இப்போது ஏதோ ஒரு மருத்துவமனைக்கு ஆலோசகராக இருக்கிறாராம். அன்று மாலை தாளாளரும் மருமகளும் பாதையில் சேர்ந்து நடந்தார்கள். இடையில் குழுவும் இல்லை, பாத்தியும் இல்லை, நேராகப் பேசினார்கள். அரளியைச் சுற்றுச்சுவருக்கு வெளியே, சாலையோரத் தூசியில் வரிசையாக நடச் சொன்னார்கள். 'அரளி, விஷம்' என்று பெரிய எழுத்தில் பலகை. செம்பருத்தியைப் புதிதாகப் பதியம் போட்டு உணவகத்துக்குப் பின்னால் வைத்தேன். ஒரே ஆள், ஒரே குழாய். பாதையின் இரு பக்கமும் என்ன நட்டார்கள் என்று கேட்காதீர்கள். புல்தான்.

அடுத்த முறை அதே ஆய்வுக்குழு வந்தது. எல்லாருக்கும் டிகாக்‌ஷன் காபி கொடுத்தோம். வயதான தலைவர் டம்ளரைக் கையில் எடுத்தார். உதட்டுக்குக் கொண்டுபோனவர் நிறுத்தி, கூடத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்த நாச்சிமுத்து சாரின் முகத்தைப் பார்த்தார். சார் மெல்லத் தலையசைத்தார்.

அதற்குப் பிறகுதான் குழு முழுவதும் காபியைக் குடித்தது.